போதைப் பழக்கம்: போலீஸ் வருவதற்கு முன் குடும்பம் செய்ய வேண்டியவை

பேராக் மாநிலத்தின் சிறு நகரங்களில், குறிப்பாக ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின் மக்கள் குடியேறிய சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா வட்டாரங்களிலும் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளிலும், போதைப்பொருளுக்கு ஆட்பட்ட ஒருவரின் குடும்பம் செய்பவை பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன. முதலில் பேச்சு வெளியே போகாமல் மறைப்பது, அடுத்துக் கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குவது, பிறகு கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்று பெண் பார்ப்பது, கடைசியில் நள்ளிரவில் போலீஸ் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்ததும் 'ஆள் தெரியும்' என்பவரிடம் பணத்தை நீட்டுவது. இந்த வரிசையில் மருத்துவருக்கும் இடமில்லை, சட்டம் தரும் உரிமைக்கும் இடமில்லை.

போதை அடிமைத்தனம் என்பது, கேடு விளைவதை அறிந்தும் நிறுத்த முடியாதபடி மூளையின் இன்ப உணர்வையும் தன்னடக்கத்தையும் ஆளும் பகுதிகள் மாறிப்போகும் நாட்பட்ட நோயாகும். ஹெராயினை நிறுத்தியவருக்கு மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, எலும்புவலி ஆகியவை இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு ஒரு வாரத்தில் தணியும்; ஆனால் ஏக்கம் மாதக்கணக்கில் நீடிக்கும். உடல் தேறியதைக் கண்டு 'திருந்திவிட்டான்' என்று குடும்பம் முடிவுகட்டுவது இந்த இடைவெளியில்தான். மீண்டும் பழக்கத்தில் விழுவதும் நோயின் போக்கிலேயே உள்ளது. நீரிழிவில் சர்க்கரை மறுபடி ஏறினால் நோயாளியை யாரும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை.

குடும்பங்கள் அறியாத முதல் உரிமை, தாமாக முன்வரும் உரிமை. போதைப் பித்தர் சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, போதைக்கு ஆட்பட்டவர் தாமே மறுவாழ்வு அதிகாரியிடம் சிகிச்சை கோரலாம். வயது வராதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ கோரலாம். கோர வேண்டிய இடம் ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனம். அதன் மாநில அலுவலகம் ஈப்போவிலும் கிளைகள் மாவட்டங்களிலும் உள்ளன. மைகாட் எனப்படும் அடையாள அட்டை, சிறுவராயின் பிறப்புச் சான்றிதழும் பாதுகாவலரின் மைகாடும், உட்கொண்டுவரும் மற்ற மருந்துகளின் பெயர்கள், முன்பு மருத்துவமனை தந்த கடிதங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். சட்டைப்பையில் போதைப்பொருள் ஏதும் இல்லாமல் செல்ல வேண்டும்; சிகிச்சை கேட்க வந்தேன் என்பது, பொருளை வைத்திருந்த குற்றத்துக்குப் பதிலாகாது.

ஹெராயின் வகைக்கு ஆட்பட்டவருக்கு மலேசிய சுகாதார அமைச்சு 2005 முதல் மெத்தடோன் சிகிச்சை அளித்து வருகிறது. மெத்தடோன் என்பது ஏக்கத்தையும் உடல் நடுக்கத்தையும் அடக்கி நாள் முழுதும் நிலைக்கும் திரவ மருந்து. இதைத் தரும் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் நோயாளி ஊழியரின் கண்முன்னே சிறு குவளையிலிருந்து மருந்தைக் குடித்து, மேலே தண்ணீரும் குடித்து, விழுங்கிவிட்டதைக் காட்ட இரண்டு வார்த்தை பேச வேண்டும். நிலைமை சீரான பின்பே வீட்டுக்கு மருந்து கிடைக்கும். 'ஒரு போதைக்கு இன்னொரு போதை' என்று இதை இகழ்வோர், இம்மருந்தால் வேலைக்குத் திரும்பியவர்களைப் பார்க்க மறுக்கிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் மருந்து தவறினால் பழைய அளவைக் கேட்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; மெத்தடோனுடன் சாராயமோ தூக்க மாத்திரையோ சேரக் கூடாது; வீட்டுக்குத் தந்த மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும், ஏனெனில் பெரியவரின் ஒருவேளை அளவு குழந்தையின் உயிரைப் பறிக்கும். பேருந்து அரிதான பழைய தோட்டத்திலிருந்து வரும் கூலித் தொழிலாளி அலுவலக நேரத்தில் மட்டும் திறக்கும் கவுண்டருக்கு எப்படித் தினமும் வருவார் என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்காதவரை, சிகிச்சை இடையில் முறிவதற்கு நோயாளியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

சியாபு எனப்படும் மெத்தாம்பேட்டமினுக்கு இத்தகைய மாற்று மருந்து இல்லை. ஆலோசனையும் நடத்தைச் சிகிச்சையுமே வழி. நாட்கணக்கில் தூங்காமல், யாரோ கொல்ல வருவதாக அஞ்சி, இல்லாத குரல்களுக்குப் பதில் சொல்பவரைப் பேய் பிடித்தவராகக் கருதிப் பூசாரியிடம் கொண்டு போகக் கூடாது. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே கொண்டு செல்ல வேண்டும். அங்கிருந்து மனநல மருத்துவர்களிடமோ, தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் இயங்கும் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பார்கள். மனநல ஆலோசனைக்கு 15555 என்ற ஹீல் எண்ணை அழைக்கலாம்.

கைது நேர்ந்துவிட்டால், எந்தச் சட்டத்தின் கீழ் என்பதே முதல் கேள்வி. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழாயின், பரிசோதனைக்காக மாஜிஸ்திரேட்டின் உத்தரவுடன் 14 நாள் வரை தடுத்து வைக்கலாம். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவாயின், உட்கொண்டதே குற்றம்; 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். எதுவாயினும், கைதின் காரணத்தை அறியவும், விசாரணைக்கு முன் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்பு கொள்ளவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. மலேசியக் குடிமக்களுக்கு ரிமாண்ட் கட்டத்திலேயே ஒய்பிஜிகே எனப்படும் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார், கேட்பவருக்குத்தான் கிடைப்பார்.

சிறுநீர்ச் சோதனையை மறுப்பது தனிக் குற்றம். ஆனால் மாதிரி இரண்டு புட்டிகளில் எடுக்கப்பட்டுத் தம் கண்முன்னே முத்திரையிடப்படுவதைப் பார்த்து நிற்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து உட்கொண்டவருக்கும் சோதனை ஓபியம் வகையைக் காட்டக்கூடும் என்பதால், கிளினிக் தந்த மருந்துச் சீட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது.

'ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்' என்ற அறிவுரையே அதிகக் கேடு செய்கிறது. 15ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டவர் அபராதம் கட்டிய பின்னும் 2 முதல் 3 ஆண்டு வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும். இத்தகைய தண்டனையோ, நீதிமன்ற ஆணையால் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப்பட்டதோ இருமுறை பதிவானவர் மீண்டும் சிக்கினால், அதே 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39சி பிரிவின் கீழ் 5 முதல் 7 ஆண்டுச் சிறையும் 3 வரை பிரம்படியும் காத்திருக்கின்றன. கண்காணிப்பு ஆணை பெற்றவர் குறித்த நாளில் ஆஜராகாவிட்டால் அதுவும் குற்றமே. 1983ஆம் ஆண்டுச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டதால், பழைய வழக்கைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கை நம்பாமல், கையில் தரப்பட்ட ஆணையின் காலத்தையும் நிபந்தனைகளையும் படித்துக் கேட்டுத் தெளிய வேண்டும். மலாய் ஆவணம் புரியாமல் கையெழுத்திடக் கூடாது. நண்பனுக்காகப் பொட்டலம் சுமப்பவரும் ஒன்றை அறிய வேண்டும்: 15 கிராம் ஹெராயின், 50 கிராம் சியாபு, 200 கிராம் கஞ்சா ஆகிய அளவுகளை எட்டினால் சட்டம் அவரைக் கடத்தல்காரர் என்றே அனுமானிக்கும், அதற்குத் தண்டனை ஆயுள் சிறை அல்லது மரணம்.

தனியார் மறுவாழ்வு இல்லங்களில் பணம் கட்டுமுன் அரசாங்க அனுமதிச் சான்றிதழைக் காட்டச் சொல்ல வேண்டும். மருத்துவர் யார், குடும்பம் எப்போது பார்க்கலாம் என்ற கேள்விகளுக்கு மழுப்பல் வந்தால், மகனை அங்கே விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. சங்கிலியும் அடியும் சிகிச்சையாகா.

மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பிய முதல் இரண்டு வாரங்களே உயிருக்கு மிகவும் ஆபத்தானவை. உடல் பழைய தாங்குதிறனை இழந்திருக்க, பழைய அளவையே எடுப்பவரின் மூச்சு நின்றுபோகும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலம் பாரித்து, எழுப்பியும் எழாதவரைத் 'தூங்கட்டும்' என்று விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 999ஐ அழைக்க வேண்டும். போலீஸ் வரும் என்று அஞ்சித் தயங்கும் பத்து நிமிடத்தில் உயிர் போய்விடும்.

போலீஸ் நிலையத்தில் வழக்காகும் அதே சிறுநீர், ஏஏடிகே கவுண்டரில் சிகிச்சைக் குறிப்பாகிறது. ஆகவே மைகாடும் மருந்துச் சீட்டும் அடங்கிய கோப்பை எடுத்துக்கொண்டு, கைதுக்குப் பின் அல்ல, கைதுக்கு முன் செல்ல வேண்டும். ஒருமுறை விழுந்தவருக்காக இரண்டாம் முறையும், தேவையானால் மூன்றாம் முறையும் அதே கோப்புடன் செல்ல வேண்டும்.