உங்களுக்குத் தெரியுமா? நனைந்த பின்னும் சூடு காக்கும் கம்பளி

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் பெண் செம்மான் வேட்டைக்குரிய பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை, அதாவது மழையும் பனியும் மாறி மாறிப் பெய்யும் மாதங்களில் அமைவதால், அங்கு உடைத் தேர்வு அழகு பற்றியதன்று. செங்குத்துச் சரிவில் வியர்க்க ஏறிய வேட்டையாளர், பின்னர் மானின் கண்ணில் படாமல் ஈரச் சதுப்பில் நெடுநேரம் அசையாது கிடக்க நேர்வதால், கனத்த ஒற்றை மேலங்கியைவிட, தேவைக்கேற்பக் களையவும் அணியவும் கூடிய மெல்லிய அடுக்குகளே அவருக்கு உதவுகின்றன. வாத்தின் மென்தூவி அடைத்த அங்கி எடையில் மிகக் குறைந்ததெனினும், நனைந்தவுடன் தூவிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, வெப்பத்தைச் சிறைப்படுத்தும் காற்றிடைவெளிகள் மறைந்துவிடுகின்றன. பருத்தியோ அதனினும் மோசம். கம்பளி இழையோ, தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை உள்வாங்கியும் தொடுகைக்கு நனைந்ததாகத் தோன்றாததோடு, அவ்வாறு உள்வாங்கும்போதே சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடுகிறது. செயற்கை இழை மழையங்கி நீரைத் திறம்படத் தடுத்தாலும், அதன் சரசரப்பு மானை எச்சரித்துவிடும். ட்வீட் எனப்படும் சொரசொரப்பான கம்பளித் துணி அங்கு இன்றும் வழக்கொழியாமைக்கு அதன் ஓசையின்மையும் ஒரு காரணமாகும். நிறமும் மறைந்திருக்க உதவக்கூடும்: ஸ்காட்லாந்திலுள்ள அரச குடும்பத்தின் பால்மோரல் எஸ்டேட்டுக்கென விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் 1853இல் வடிவமைத்த ட்வீட், அவ்வட்டாரத்துக் கருங்கல்லின் சாம்பல் நிறத்தை ஒத்தது.