ஜாஸ் சாக்சபோன்: ஆளுக்கொரு நாதம்

சாக்சபோனின் உடல் பித்தளையால் ஆனது. ஆனால் ஒலி பிறப்பது பித்தளையில் அல்ல. மவுத்பீஸில் கட்டப்பட்ட, நாணலில் செய்த ஒற்றைச் சீவாளியில்தான். அதனால் இது மரக்குழல் கருவிகளின் குடும்பத்தில் சேர்க்கப்படுகிறது. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிசில் இதற்குக் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் ராணுவ வாத்தியக் குழுக்களில் ஒலித்த கருவி, 1920-களில் அமெரிக்க ஜாஸ் இசையின் முதன்மைக் குரல்களில் ஒன்றானது.

உதட்டின் அழுத்தம், மூச்சின் வேகம், தொண்டையை வைத்துக்கொள்ளும் விதம், மவுத்பீஸின் திறப்பு, சீவாளியின் கனம் என எது மாறினாலும் நாதம் மாறும். ஒரே கருவியை இருவர் வாசித்தாலும் ஒலி ஒன்றாக இருக்காது. ஜாஸ் கலைஞர்கள் இந்த வேறுபாட்டைக் குறையாகக் கருதவில்லை. அதையே தங்கள் அடையாளமாக வளர்த்தெடுத்தார்கள். பழகிய ரசிகருக்குச் சில ஸ்வரங்களிலேயே ஆள் தெரிந்துவிடுவது இதனால்தான்.

சாக்சபோன் வகைகளில் ஒன்றான டெனருக்கு ஜாஸில் முதல் பெரும் உருவம் தந்தவர் கோல்மன் ஹாக்கின்ஸ். அவருடைய நாதம் கனமானது, அகன்றது. நீண்ட ஸ்வரங்களில் நாதத்தின் அசைவு (விப்ராட்டோ) நன்றாகக் கேட்கும். லெஸ்டர் யங் நேரெதிர் வழியில் போனார். கவுண்ட் பேசி இசைக்குழுவில் புகழ்பெற்ற அவர், மெலிந்த நாதத்தில், அசைவைக் குறைத்து, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியபடி நிதானமாக வாசித்தார். பின்வந்த டெனர் கலைஞர்கள் பலரிடம் இந்த இருவரில் ஒருவரின் சாயல் தெரியும். ஹாக்கின்ஸ் வழியில் வந்த பென் வெப்ஸ்டர் மெதுவான பாடல்களில் தனித்து நிற்கிறார். ஸ்வரம் அடங்கிய பிறகும் அவருடைய மூச்சு மட்டும் சில கணங்கள் கேட்கிறது. அந்தக் காற்றொலியையும் இசையின் பகுதியாக்கினார். யங்கின் மென்மையைத் தனதாக்கிக்கொண்டவர் ஸ்டான் கெட்ஸ்.

ஆல்டோ சாக்சபோன் டெனரைவிடச் சிறியது; அதன் சுருதியும் உயரமானது. டியூக் எலிங்டன் குழுவில் ஜானி ஹாட்ஜஸ் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குழைவால் பெயர்பெற்றார். சார்லி பார்க்கர் அந்தக் குழைவை விலக்கினார். 1945-இல் பதிவான 'கோ-கோ'வில் அசுர வேகத்திலும் அவருடைய ஒவ்வொரு ஸ்வரமும் கூர்மையாக, தெளிவாக விழுகிறது. பால் டெஸ்மண்ட் அமைதியான பாதையைத் தேர்ந்தார். அவர் இயற்றிய 'டேக் ஃபைவ்' 1959-இல் பதிவானது. ஐந்து எண்ணிக்கைத் தாளத்தின் மேல் அவருடைய ஆல்டோ காற்றைப் போல லேசாக மிதக்கிறது.

ஜான் கோல்ட்ரேனின் டெனர் நாதத்தில் அசைவு மிகக் குறைவு, உறுதி அதிகம். மேல் ஸ்தாயியில் அது உரக்க வேண்டுவது போல ஒலிக்கும். 1965-இல் வெளியான 'எ லவ் சுப்ரீம்' தொகுப்பில் அந்தத் தீவிரம் முழுமையாகப் பதிவாகியிருக்கிறது.

இந்த வேறுபாடுகளைக் காதுக்குப் பழக்க, ஒரே பாடலைப் பலர் வாசித்துக் கேட்பதே நல்ல வழி. 'பாடி அண்ட் சோல்' அதற்குப் பொருத்தமானது. ஹாக்கின்ஸின் 1939 பதிவில் மூல மெட்டு தொடக்கத்தில் தலைகாட்டுவதோடு சரி; மற்றதெல்லாம் மனோதர்மம். நாட் கிங் கோலின் பியானோவோடு யங் வாசித்த 1942 பதிவில் இடைவெளிகளும் பேசுகின்றன. கோல்ட்ரேனின் 1960 பதிவில் பியானோ ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க, டெனர் அதன் மேல் நேராக எழுகிறது. முதல்முறை கேட்கும்போது நாதத்தின் கனத்தையும், அடுத்தமுறை அசைவையும், பிறகு தாளத்தில் ஸ்வரம் விழும் இடத்தையும் கவனித்தால், ஒவ்வொருவரின் தனித்தன்மையும் துலங்கிவிடும்.