அசைவைப் பிடித்தவர்கள் – 7: பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்

1880-களில் பாரிஸில் எத்தியேன் ஜூல் மாரே, ஆளுக்குக் கறுப்பு உடை மாட்டி, கைகால்களில் வெள்ளைப் பட்டை ஒட்டி, நடக்கவிட்டுப் படமெடுத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் அறிய விரும்பியது உடல் எப்படி இயங்குகிறது என்பதை. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் அதே போன்ற ஓர் ஏற்பாட்டைச் செய்தார். அவருடைய கேள்வியோ பார்க்கிறவரைப் பற்றியது.

தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு, ஒளியைத் திருப்பியடிக்கும் நாடாத் துண்டுகளை ஒட்டினார். கேமரா லென்ஸை ஒட்டியே விளக்கை வைத்தார். விழுந்த வெளிச்சத்தை வந்த வழியே நாடா திருப்பி அனுப்பியது. பிறகு திரையில் வெளிச்சத்தைக் குறைத்து, கான்ட்ராஸ்டைக் கூட்டினார். முகம், உடை, கைகால் எல்லாம் இருட்டில் மறைந்தன. மிஞ்சியவை பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

ஆள் அசையாதிருந்தபோது, பார்த்தவர்களுக்கு அவை வெறும் புள்ளிகள்தாம். நடக்கத் தொடங்கினாரோ இல்லையோ, மனிதர் நடக்கிறார் என்று சட்டென்று சொல்லிவிட்டார்கள். இது 1973-ல் கட்டுரையாக வந்தது. படம் காட்டும் நேரத்தைப் பின்னர் குறைத்துப் பார்த்தபோது, நொடியில் ஐந்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. 1977-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கட்டிங்கும் லின் கொஸ்லோவ்ஸ்கியும் நடத்திய சோதனையில், வெறும் புள்ளிகளை வைத்தே மாணவர்கள் சிலர் தங்கள் நண்பர்களை அடையாளம் கண்டார்கள். எல்லா முறையும் இல்லை; ஆனால் குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் இத்தனை சரியாக வந்திருக்காது.

இந்த வரிசையில் என்னை மிகவும் வியக்கவைப்பது 2008-ல் இத்தாலியின் பதுவாவில் ஃபிரான்செஸ்கா சிமியோன் குழு செய்தது. பிறந்து இரண்டே நாளான குழந்தைகளுக்குப் புள்ளிப்படம் காட்டினார்கள். அதில் நடந்தது ஒரு கோழி! கோழியையே கண்டிராத சிசுக்கள், தாறுமாறாக அலையும் புள்ளிகளைவிட அந்தக் கோழிப் புள்ளிகளை அதிக நேரம் பார்த்தன. பார்த்துப் பழகியதால் மட்டுமே வரும் திறமை இது என்று இனிச் சொல்வது கடினம்.

‘கோச்சடையான்’ (2014) படம் வந்தபோது, இதே போல உடலில் புள்ளிகளை ஒட்டி அசைவைப் பதிவுசெய்யும் உத்திக்கான மோஷன் கேப்சர் என்ற பெயர் நம் ஊரில் வெகுவாக அடிபட்டது. ஆனால் அதன் மேலான பயன் மருத்துவமனைகளின் நடை ஆய்வுக் கூடங்களில் என்பேன். நாடாவின் இடத்தில் சிறு உருண்டைகள், சுற்றிலும் பல அகச்சிவப்புக் கேமராக்கள்.

பெருமூளை வாதம் உள்ள குழந்தை முழங்காலை மடக்கியபடியே நடக்கிறது என்று வையுங்கள். கோளாறு இருப்பதைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும், காரணத்தைச் சொல்லாது. தொடையின் பின்தசை குறுகியிருக்கலாம். கெண்டைக்கால் தசை வலுவிழந்திருக்கலாம். இடுப்பு முழுதாக நிமிராமல் இருக்கலாம். நடையை அளந்து, தசைகளின் நீளத்தைக் கணினியில் கணக்கிட்டபோது, இப்படி நடக்கும் குழந்தைகளில் பலருக்குப் பின்தசை குறுகவே இல்லை என்று தெரிந்தது. அதை வெட்டி நீளமாக்குவது பல காலமாக வழக்கமான அறுவைச் சிகிச்சை. எந்தக் குழந்தைக்கு அது வேண்டாம் என்பதைக் கத்தி வைப்பதற்கு முன்பே தீர்மானிக்க இந்த அளவுகள் உதவுகின்றன.

(தொடரும்)