உள்ளே நுழையும் ஒளி: பீங்கானும் பளிங்கும்

பார்ப்பவரைக் கலங்கவைக்கும் தற்காலச் சிற்பங்கள் பல பீங்கானிலும் பளிங்குக்கல்லிலும் உருவாவதற்கு அவற்றின் வெண்மை மட்டுமே காரணமன்று. அவை தம்மீது படும் ஒளியின் ஒரு பகுதியைச் சற்று உள்ளே ஏற்று, அங்கே சிதறவிட்டு, மென்மையாக வெளியிடுகின்றன. மனிதத் தோலும் ஒளியை ஏறத்தாழ இவ்வாறே கையாள்வதால், உயிரற்ற அப்பொருள்களில் உயிரின் சாயல் தோன்றுகிறது.

பளிங்கு என்பது சுண்ணாம்புப்பாறை நிலத்தடி வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, கால்சைட் படிகங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிய கல்லாகும். பீங்கானோ நெருப்பின் ஆக்கம்: கயோலின் என்னும் வெண்களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய கனிமங்களைக் கலந்து ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸில் சுடும்போது, ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி இடைவெளிகளை நிரப்ப, முல்லைட் என்னும் ஊசிவடிவப் படிகங்கள் உள்ளே வளர்ந்து உறுதி தருகின்றன. அந்நிலையில் உருவம் இளகிச் சுருங்குவதால், மெல்லிய விரலொன்றைச் செய்பவர் அது வளைந்துவிடாதிருக்கச் சூளையிலேயே முட்டுக்கொடுக்க நேரும். கல்தச்சருக்கு இக்கவலை இல்லை, ஆனால் ஒருமுறை செதுக்கி நீக்கியதை அவர் மீண்டும் சேர்க்க இயலாது.

சீனக் கலைஞர் அய் வெய்வெய் 2010இல் இரு பொருள்களையும் கையாண்டார். லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் பரப்பப்பட்ட அவருடைய ‘சூரியகாந்தி விதைகள்’, பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஜிங்டெஜென் நகரில் ஏறத்தாழ 1,600 கைவினைஞர்கள் கையால் வரிதீட்டிச் செய்த பத்துக் கோடி விதைகளாலானது. மாவோ ஆட்சியின் பரப்புரை ஓவியங்களில் தலைவர் கதிரவனாகவும் மக்கள் அவரை நோக்கும் சூரியகாந்திகளாகவும் காட்டப்பட்டதை அறிந்தவருக்கு, தொலைவில் சாம்பல்நிறத் தரையாகத் தோன்றும் அப்பரப்பு, அருகே குனிந்ததும் ஒன்றையொன்று ஒவ்வாத தனித்தனி விதைகளாகப் பிரிவது எளிதில் மறக்கக்கூடியதன்று. பார்வையாளர் அதன்மேல் நடக்கலாம் என்றே முதலில் திட்டமிடப்பட்டது. உராய்வில் எழுந்த பீங்கான் தூசு நுரையீரலுக்குத் தீங்காகலாம் என்பதால் சில நாள்களிலேயே அது நிறுத்தப்பட்டது. அத்தடை படைப்பின் பொருளுக்குக் குறைவு செய்ததாகச் சொல்வதற்கில்லை.

மற்றொன்று, பெய்ஜிங்கில் அவருடைய பணியிடத்தைச் சூழ்ந்திருந்த கண்காணிப்புக் கேமராக்களின் பளிங்கு வடிவம். அரண்மனைப் படிகளுக்கும் கல்லறைகளுக்கும் உரிய கல்லில், மலிவான கருவியொன்று அதன் தாங்கியோடு செதுக்கப்பட்டிருக்கிறது. வில்லை இருக்கவேண்டிய இடமும் கல்லே ஆகையால் அது எதையும் காணாது. எனினும் எதிரே நிற்பவர் தாம் பார்க்கப்படுவதாகவே உணர்கிறார். அடுத்த ஆண்டு, 2011இல், சீன அரசு அக்கலைஞரை 81 நாள் காவலில் வைத்தது.