மாதிரி விமானம் மெய்யுருவை ஒத்ததா? அளந்து தீர்ப்புக் கூறும் முறை

கடையிலே புதிதாக வந்திறங்கிய மாதிரி விமானப் பெட்டியைக் கண்டதும் சிறுவர் முகம் மலர்வதும், அவர்தம் தந்தையர் சிறுவரினும் மேலாக மகிழ்வதும் பல இல்லங்களில் காணக்கூடிய காட்சியே. பெட்டியின் மேலே வண்ணப்படம்; உள்ளே சட்டத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறுப்புகள்; செய்முறைத் தாள்; நீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளச் சித்திரங்கள். இவற்றைப் பொருத்தி முடித்தால் கையடக்கமான விமானம் ஒன்று உருவாகிவிடும். ஆயினும், "இது மெய்யான விமானத்தைப் போன்றதுதானா?" என்னும் வினாவுக்கு விடையிறுப்பது அத்துணை எளிதன்று. பார்த்த மாத்திரத்தில் "அருமை" என்பாரும் உளர். "முற்றும் பிழை" என்பாரும் உளர். இரு சாராருள்ளும் அளவுகோலைக் கையிலெடுத்தவர் சிலரே.

இஃது வெறும் விளையாட்டுப் பேச்சாக முடிந்துவிடாத காலமும் ஒன்றிருந்தது. 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் நாள், பிரித்தானியா போர்ப் பிரகடனம் செய்து மூன்றே நாட்கள் கழிந்த நிலையில், பகைவர் வருகின்றனர் என்ற தவறான எச்சரிக்கையால் இங்கிலாந்தின் தென்கிழக்கு வானில் பிரித்தானிய விமானங்கள் எழுந்தன. 74ஆம் அணியின் ஸ்பிட்பயர் விமானங்கள், தம் நாட்டு 56ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்களைப் பகை விமானங்கள் என மயங்கி இரண்டைச் சுட்டு வீழ்த்தின. மொன்டேகு ஹல்டன் ஹாரப் என்னும் இளம் விமானி உயிர் துறந்தார். அம் மயக்கத்துக்குக் காரணங்கள் பல. எனினும், தொலைவில் தோன்றும் நிழலுருவைப் பிழையின்றி அறிதல் உயிரோடு தொடர்புடைய செய்தி என்பதை அந்நாள் யாவர்க்கும் உணர்த்திற்று.

ஆகவேதான் மாதிரி விமானங்கள் போர்ப் பயிற்சிக் கருவிகளாயின. 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, இனங்காணும் பயிற்சிக்காக 5,00,000 மாதிரிகளைச் செய்து தருமாறு உயர்நிலைப் பள்ளி மாணவரை வேண்டிற்று. மெய்யளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கே அவற்றின் அளவு. அதாவது ஆறு அடிக்கு ஓர் அங்குலம். அத்தகைய மாதிரியை 35 அடி தொலைவில் நிறுத்திப் பார்த்தால், மெய் விமானத்தை 2,520 அடி, அஃதாவது ஏறத்தாழ அரை மைல் தொலைவில் காண்பது போன்றிருக்கும். உருவத்தில் பிழையுள்ள மாதிரியைப் பார்த்துப் பழகியவன் வானிலும் பிழையாகவே காண்பான் அன்றோ? அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களை எதிர்த்து இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்தபோது, நம் நாட்டு வானிலும் நண்பனையும் பகைவனையும் பிரித்தறிய வேண்டிய நிலை நேர்ந்தது.

முதலில் அளவு

உலகெங்கும் மிகுதியாகச் செய்யப்பட்ட மாதிரிகளுள் ஒன்றான ஸ்பிட்பயரின் முதலாம் வகையையே எடுத்துக்கொள்வோம். ஆர். ஜே. மிச்சல் என்பாரின் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1936 மார்ச் 5இல் முதன்முதலாகப் பறந்த விமானம் இது. இதன் சிறகு விரிவு 36 அடி 10 அங்குலம். நீளம் 29 அடி 11 அங்குலம். எழுபத்திரண்டால் வகுத்தால், மாதிரியின் சிறகு விரிவு ஏறத்தாழ 156 மில்லிமீற்றராகவும், நீளம் 126.6 மில்லிமீற்றராகவும் இருத்தல் வேண்டும்.

பசை பூசுவதற்கு முன்னரே உடற்பகுதியின் இரு பாதிகளையும் சிறகுகளையும் ஒட்டு நாடாவினால் இணைத்து, வேணியர் இடுக்கிமானியால் அளந்து பார்க்க. ஒரு மில்லிமீற்றர் வேறுபாடு மெய் விமானத்தில் 72 மில்லிமீற்றராகும். மூன்று அங்குலப் பிழையா என்று துணுக்குறல் வேண்டா. 156இல் ஒன்று என்பது நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. சிறகின் விரிவில் அதனைக் கண் காணாது. ஆனால், விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியிலோ மூக்கின் அகலத்திலோ அதே ஒரு மில்லிமீற்றர் தவறினால், முகமே மாறிவிடும். பிழையின் அளவு மட்டுமன்று. பிழை நேர்ந்த இடமும் கருதத்தக்கது.

பின்னர் உருவம்

நீளமும் அகலமும் சரியாயிருந்தும் உருவம் தவறக்கூடும். ஸ்பிட்பயரின் சிறகு நீள்வட்ட வடிவினது. விளிம்பு எங்கும் நேர்கோடாக ஓடாது மெல்ல வளைந்து செல்லும். உடலோடு பொருந்தும் அடியில் இரண்டு பாகை மேல்நோக்கிய சாய்வும், நுனியில் அரைப்பாகை கீழ்நோக்கிய சாய்வுமாக அச்சிறகு சற்றே முறுக்குண்டது. முன்னிருந்து நோக்கினால் இரு சிறகுகளும் ஆறு பாகை உயர்ந்து நிற்கும். சிறகின் அடிப்புறம் உடலைச் சேருமிடத்தில் மெல்லிய வளைவொன்று உண்டு. அதனைத் தட்டையாக விட்டுவிட்ட மாதிரி, அளவில் எவ்வளவு திருத்தமாயினும் ஸ்பிட்பயராகத் தோன்றாது.

வகை வேறுபாட்டையும் மறத்தலாகாது. முதலாம் வகையில் வலச்சிறகின் கீழே பெரிய றேடியேற்றரும் இடச்சிறகின் கீழே சிறிய எண்ணெய்க் குளிர்விப்பானும் இருந்தன. ஒன்பதாம் வகையிலோ இரு புறமும் ஒத்த பெரிய அமைப்புகள். முதலாம் வகை எனப் பெயர் சூட்டிய பெட்டியினுள் இரு புறமும் ஒத்த உறுப்புகள் காணப்படின், அளவுகோலுக்கே வேலையில்லை.

சான்றுகளையும் சோதித்தல்

மாதிரியை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே தலையாய வினா. அச்சிட்ட வரைபடத்தின் மீது உறுப்பை வைத்துப் பார்த்து, "பொருந்தவில்லை" என்று முடிவு கட்டுவார் பலர். வரைபடமே தவறாயிருப்பின்? அச்சிடும்போது 156 மில்லிமீற்றர் 153 ஆகச் சுருங்கியிருந்தால், பிழையற்ற மாதிரியின் உடலும் இரண்டரை மில்லிமீற்றர் நீண்டதாகத் தோன்றும். குற்றமற்றவன் மீது குற்றஞ் சாட்டிய கதையாகும். ஆதலின், வரைபடத்தையே முதலில் அளத்தல் வேண்டும்.

நிழற்படமும் முற்றும் நம்பத்தக்கதன்று. மூக்கின் அருகே நின்று எடுத்த படத்தில் மூக்குப் பெருத்தும் வால் சிறுத்தும் தோன்றும். தொலைவிலிருந்து, பக்கவாட்டில் நேராக எடுத்த படமே ஒப்பீட்டுக்கு உதவும். நூதனசாலையில் நிற்கும் மெய் விமானம் சிறந்த சான்றுதான்; எனினும், பிற்காலத்தில் பழுது பார்த்தோர் வேறு வகையின் உறுப்புகளைப் பொருத்தியிருக்கவும் கூடும். இலண்டன் போர் நூதனசாலையிலுள்ள ஆர் 6915 என்னும் இலக்கமுடைய ஸ்பிட்பயர், 1940ஆம் ஆண்டுப் பிரித்தானிய வான்போரில் நேரடியாகப் பங்கு கொண்டது. அத்தகைய விமானங்கள் ஆராய்வோர்க்குப் பெருஞ் செல்வம். இந்நாளில் ஒளிக்கதிர் கொண்டு மெய் விமானத்தையே அளந்து அச்சு வார்க்கும் உற்பத்தியாளரும் உளர்.

நடுநிலை தவறாமை

எவ்வளவு முயன்றாலும் பிளாஸ்டிக்குக்கு ஓர் எல்லை உண்டு. தகட்டின் இணைப்புக் கோடு அரை மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டப்பட்டால், மெய் விமானத்தில் அது 36 மில்லிமீற்றர் அகலமான பள்ளமாகிவிடும். ஒரு மில்லிமீற்றர் தடித்த கண்ணாடி மூடி, மெய்யளவில் 72 மில்லிமீற்றர் தடிப்பாகும். எந்த விமானியும் அத்தகைய மூடியின் கீழ் அமர்ந்ததில்லை. இவற்றைப் பிழை என்பதினும் பொருளின் இயல்பு என்பதே தகும். அவ்வியல்பை எவ்வளவு தூரம் அடக்கியாண்டிருக்கிறார் என்பதைக் கொண்டே அச்சுத் தொழிலாளியின் திறமையை மதித்தல் வேண்டும்.

குறைகளையும் இரு வகையாகப் பிரித்தல் நன்று. சுழல் விசிறி, சக்கரம், கண்ணாடி மூடி போன்றவற்றை மாற்றவோ அரத்தால் தேய்க்கவோ இயலும். உடற்பகுதியின் பருமனும் சிறகின் உருவமும் தவறினால், இல்லத்து மேசையில் அமர்ந்து திருத்துதல் அரிது. முன்னதைக் குறிப்பிட்டு மன்னிக்கலாம். பின்னதை மறையாது சொல்லியே தீர வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் சிறுவனுக்கும் அது நாம் செய்யும் கடமை.

"உருவம் சரியில்லை" என்பது தீர்ப்பாகாது. "மூக்கு, இன்ன இடத்தில், ஒன்றரை மில்லிமீற்றர் குறுகியுள்ளது, இன்ன சான்றின்படி கூறுகிறேன்" என்பதே தீர்ப்பு. முன்னதை யாரும் சோதிக்க முடியாது. பின்னதை எவரும் அளந்து பார்த்து ஒப்பவோ மறுக்கவோ இயலும்.

இம்முறையைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பாராயின், அவர் விமானத்தைப் பற்றி மட்டும் கற்றவராகார். வகுத்தற் கணக்கு மேசை மீது உயிர் பெறும்; கேட்டதை அப்படியே நம்பாது சான்றைத் தேடும் பழக்கம் வேரூன்றும்; பிறர் உழைப்பைப் பழிக்கும் முன் ஒருமுறை நின்று எண்ணும் பண்பும் வளரும். அந்த இயந்திரங்களில் ஏறி வானில் மாண்ட இளைஞர்க்கு நாம் செய்யும் மரியாதையும், அவற்றின் உருவைப் பொய்யாது காத்தலே.