மறைந்த பக்கத்தை மீட்கும் வித்தை

கணினியில் ஏதாவது ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு ‘யு’ எழுத்தை அழுத்திப் பாருங்கள். படங்களும் வண்ணங்களும் போய், கூர்மையான அடைப்புக்குறிகள் நிறைந்த வெறும் எழுத்து வந்து நிற்கும். அதுதான் அந்தப் பக்கத்தின் மூலநிரல். எது தலைப்பு, எங்கே பத்தி முடிகிறது, எந்தப் படம் எங்கே வர வேண்டும் என்றெல்லாம் உலாவிக்குச் சொல்வது அதுவே. இருபது ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் எழுதிய கட்டுரைகளை இப்போது நூலாக்க விரும்பும் ஒருவர், திரையில் தெரிவதை நகலெடுத்தால் போதும் என்று நினைக்கலாம். போதாது. திரையில் தெரியாத பல செய்திகள் மூலநிரலில்தான் இருக்கின்றன.

முதலில், அவ்வளவு பழைய மூலநிரலை இன்றைய உலாவி புரிந்துகொள்கிறதே, அதுவே ஓர் அதிசயம். டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகின் முதல் இணையதளத்தை வெளியுலகம் 1991-இல் பார்த்தது. அதன் 1992-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றை செர்ன் ஆய்வகம் 2013-இல் பழைய முகவரியிலேயே மீண்டும் ஏற்றியது. இன்றைய கைபேசியிலும் அது திறக்கிறது. அந்த அடைப்புக்குறிகளுக்குள் இருப்பவை குறிச்சொற்கள். தெரியாத குறிச்சொல் எதிர்ப்பட்டால் அதைத் தாண்டிப் போ, உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டு என்று ஆரம்பத்திலேயே வகுத்த விதிதான் காரணம். குறிச்சொற்களின் மொழி வளர்ந்துகொண்டே போனாலும் பழைய பக்கங்கள் உடையாமல் இருப்பது இந்தப் பெருந்தன்மையால்தான்.

தளமே மூடப்பட்டுவிட்டால்? அப்போது கைகொடுப்பது, புரூஸ்டர் கேல் 1996-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ். இதன் நிரல்கள் இணையத்தில் சுற்றித் திரிந்து, பக்கங்களைப் பிரதியெடுத்துத் தேதியிட்டுச் சேமிக்கின்றன. பொதுமக்கள் அவற்றைப் பார்ப்பதற்கான வேபேக் மெஷின் 2001-இல் திறக்கப்பட்டது. 2025 அக்டோபரில் சேமிப்பு ஒரு லட்சம் கோடிப் பக்கங்களை எட்டியது. நொடிக்கு ஒன்றாகப் புரட்டினால் அத்தனையையும் பார்த்து முடிக்க முப்பத்தோராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அதில் உங்கள் பக்கம் சில நொடிகளில் கிடைப்பது எப்படி? முகவரிகளைத் தலைகீழாகத் திருப்பி அடுக்கிவைக்கிறார்கள். ‘காம்’ முன்னே வரும், பிறகு தளத்தின் பெயர், கடைசியில் பக்கத்தின் பெயர். இதனால் ஒரே தளத்தின் பக்கங்கள் எல்லாம் அருகருகே வந்துவிடுகின்றன. அகராதியில் சொல் தேடும்போது நடுவில் பிரித்து, முன்னா பின்னா என்று பார்த்து, மறுபடி அந்தப் பாதியைப் பிரிப்போமே, அதே உத்திதான் இங்கும். ஒவ்வொரு முறையும் பட்டியல் பாதியாகிறது. ஒரு லட்சம் கோடியை நாற்பது முறை பாதியாக்கினால் ஒன்றுதான் மிஞ்சும்.

அந்தப் பட்டியல் கொடுப்பது ஒரு கோப்பின் பெயரையும் அதற்குள் எத்தனையாவது பைட்டில் உங்கள் பக்கம் தொடங்குகிறது என்பதையும். பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஏதாவது ஓர் எண். கணினிச் சேமிப்பின் அடிப்படை அலகு. ‘வார்க்’ எனப்படும் அந்தப் பெரிய கோப்பில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரிசையாகக் கிடந்தாலும், ஒவ்வொன்றும் தனித்தனியே சுருக்கப்பட்டிருக்கிறது. உங்களுடையதை மட்டும் எடுத்து விரித்தால் போதும். அன்று அந்தப் பக்கத்தை அனுப்பிய கணினி கூடவே சொன்ன தகவல்களும், எந்த முறையில் எழுத்துகள் பதிவாகியிருக்கின்றன என்பது உட்பட, அப்படியே பதிந்திருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய பக்கத்தில் இன்னொரு பக்கத்துக்குப் போகும் சுட்டியை அழுத்தினால் நீங்கள் பழைய காலத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காக, வேபேக் மெஷின் சுட்டிகளை மாற்றி எழுதித்தான் காட்டுகிறது. மாற்றாத மூலம் வேண்டுமென்றால் முகவரியின் நடுவே பாருங்கள். ஆண்டு முதல் நொடி வரை குறிக்கும் 14 இலக்கங்கள் இருக்கும். அவற்றை ஒட்டி ‘ஐ’, ‘டி’ என்ற இரு ஆங்கிலச் சிறிய எழுத்துகளையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்தால், அன்று எப்படி இருந்ததோ அப்படியே மூலநிரல் வந்து சேரும்.

மூலம் கைக்கு வந்தபின் அடுத்த புதிர், எழுத்து. 1992-இல் கணினி வல்லுநர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில், மேசையில் விரிக்கும் தாளின்மீது யுடிஎஃப்-8 என்ற முறையை வரைந்தார்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தருவது யூனிகோடு. அந்த எழுத்துகளை பைட்டுகளாக்கும் வழி இது. ‘அ’ என்பது இதில் 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். முதல் எண்ணே ‘நாங்கள் மூவர்’ என்று சொல்லிவிடும். தொடங்கும் எண்களும் தொடரும் எண்களும் வெவ்வேறு என்பதால், நடுவில் ஒரு பைட் தொலைந்தாலும் அந்த ஓர் எழுத்துதான் கெடும், அடுத்தது தப்பிவிடும்.

இதே மூன்று எண்களை விண்டோஸின் பழைய மேற்கத்திய அட்டவணையை வைத்துப் படித்தால், தலைமேல் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு மூன்று புள்ளிகள் என்று தெரியும். பழைய தமிழ்ப் பக்கங்களில் பலரும் பார்த்துச் சலித்த கிறுக்கல் இதுதான். உண்மையில் ஒன்றும் அழியவில்லை. அதே அட்டவணையைக் கொண்டு குறிகளை எண்களாக்கி, யுடிஎஃப்-8 ஆகப் படித்தால் கட்டுரை முழுதும் திரும்பிவிடும்.

ஆனால் அந்த அட்டவணையில் ஐந்து காலி இடங்கள் உண்டு: 129, 141, 143, 144, 157. உகரக் குறியின் கடைசி பைட் 129. மெய்யெழுத்தின் புள்ளிக்கு 141. ‘ஏ’ 143, ‘ஐ’ 144. சில மென்பொருள்கள் காலி இடத்தைக் கண்டால் கேள்விக்குறி போட்டுவிடும். அப்போது ‘ஐந்து’ என்ற சொல்லின் ஐந்து உறுப்புகளில் ‘ஐ’, புள்ளி, உகரம் என்று மூன்று அடிபடுகின்றன! ஒவ்வொன்றிலும் மிஞ்சிய இரண்டு பைட்டுகளை வைத்து, முதலிடத்தில் ‘ஏ’ அல்லது ‘ஐ’, மற்ற இரண்டு இடங்களிலும் புள்ளி அல்லது உகரம் என்று ஊகிக்கலாம். மொத்தம் எட்டு வடிவங்கள். ‘ஐநுத்’ போன்றவற்றைத் தமிழ் ஏற்காது. சொல்லாக நிற்பவை ‘ஐந்து’, ‘ஏந்து’ இரண்டே. அடுத்து ‘ரூபாய்’ என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. பைட் தொலைத்ததை மொழி மீட்டுக் கொடுக்கிறது.

இன்னும் பழைய பக்கங்களில் தமிழ் எழுத்தே இருக்காது. இலங்கைத் தமிழரிடையே பரவலான பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்பில் சேர்வது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்துவது எழுத்துரு. அது கணினியில் இல்லாவிட்டால் எல்லாம் புதிர். எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று காட்டும் ஒரே அடையாளம், மூலநிரலில் எழுத்துருவின் பெயரைச் சொல்லும் குறிச்சொல். திரையிலிருந்து எழுத்தை மட்டும் எடுத்தால் அந்தச் சாவி தொலைந்துவிடும்.

பாமினியில் ‘கொ’ என்பது கண் பார்க்கும் வரிசையில் இருக்கும்: கொம்பு, ‘க’, கால். யூனிகோடில் ‘க’ முன்னே, ஒகரக் குறி பின்னே. மாற்றித் தரும் நிரல் முதலில் ‘கா’-வைத் தேடி மாற்றிவிட்டால், கொம்பு தனியே முன்னால் தொங்கும். அதனால் நீளமான சேர்க்கைகளை முதலில், குட்டையானவற்றைப் பிறகு என்பதே விதி. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களைப் பார்வை வரிசை கொண்ட திஸ்கி குறிமுறையில் வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது.

ஆகவே, பழைய கட்டுரைகளைத் தேடி எடுப்பவர்கள் மூலநிரலை முழுதாக, ஒரு குறிச்சொல்லும் நீக்காமல், முதலில் சேமித்துவிடுங்கள். திருத்தமும் மாற்றமும் அதன் பிரதியில் நடக்கட்டும். எந்த எழுத்துரு, எந்தக் குறிமுறை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். எழுத்தையும் அதைப் படிக்கும் விதியையும் சேர்த்து வைத்தவருக்கு, இன்று நூலாகவும் நாளை வேறெந்த வடிவமாகவும் அதே கட்டுரையைத் திரும்பத் திரும்ப வார்த்தெடுக்க முடியும்.