பிழைத்தவர்களுக்குச் சட்டத்தில் இடமுண்டா? கொரோனாவும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரும்

2023 மே 5 அன்று, கொரோனா இனி உலகளாவிய பொதுச் சுகாதார அவசரநிலை அன்று என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அடுத்த சில நாட்களில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். கையில் ஒரு நெகிழி உறை; அதனுள் ஒரே ஒரு தாள். 2021 மே மாதம் அரசு மருத்துவமனை ஒன்றிலிருந்து வீடு திரும்பியபோது அவருக்குத் தரப்பட்ட டிஸ்சார்ஜ் சீட்டு அது. நான்காக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. "வக்கீலம்மா, என்னைத் தெரியுதா? பக்கத்து பெட்டு" என்றார்.

எங்களுள் ஒருவருக்கு அவரை உடனே தெரிந்தது. இரண்டாம் அலையின்போது நாங்கள் நான்கு வழக்கறிஞர்கள், படுக்கை தேடுவோருக்கும் ஆக்சிஜன் தேடுவோருக்கும் தொலைபேசியில் உதவிக்கொண்டிருந்தோம். ஒரே வாரத்தில் மூவர் நோயுற்றோம். இருவர் வீட்டில் தனித்திருந்தே மீண்டோம். மூன்றாமவரின் ஆக்சிஜன் அளவு 88க்கு இறங்கவே, ஆம்புலன்ஸில் மூன்று மணி நேரம் காத்திருந்து பெண்கள் வார்டில் சேர்ந்தார். அடுத்த படுக்கையில் இருந்தவர்தான் இந்த அக்கா. வடசென்னையில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எங்களைப் போலவே பட்டியல் சாதியில் பிறந்தவர். (அவர் ஒப்புதலுடனேயே இதை எழுதுகிறோம். வழக்கு நிலுவையில் இருப்பதால் அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கியிருக்கிறோம்.)

அந்தப் பதினோரு நாட்களைப் பற்றி எங்கள் தோழர் அதிகம் பேசுவதில்லை. குப்புறப் படுக்கச் சொல்வார்கள்; குப்புறப் படுத்தால் முகக்கவசம் நழுவும். நள்ளிரவில் எழுந்து அதைச் சரிசெய்துவிட்டவர் செவிலியர் அல்லர், பக்கத்துப் படுக்கை அக்காதான். அவருக்கே மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரம் அது. காய்ச்சல் தொடங்கிய பிறகும் இரண்டு நாள் வேலைக்குப் போனதாக அவர் சொன்னாராம். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மூன்றாம் நாள் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

இருவரும் உயிர் பிழைத்தனர். இருவரையும் அரசின் அன்றாட அறிக்கை 'குணமடைந்தோர்' என்ற ஒரே வரிசையில் எண்ணியிருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்தச் சீட்டைப் படித்த பிறகே, அக்கா அந்த வரிசையிலும் இல்லை என்பது புரிந்தது. சீட்டில் 'வைரஸ் நிமோனியா' என்று எழுதியிருந்தது. கொரோனா என்ற சொல் இல்லை. நோய் முற்றிய பின் எடுத்த சளி மாதிரி 'நெகட்டிவ்' என வந்ததே காரணம். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு தெரிந்தது. அதை வைத்தே சிகிச்சையும் நடந்தது. ஆனால் அந்த ஸ்கேன் அவர் கையில் இல்லை.

எங்கள் தோழரிடமோ எல்லாம் இருந்தன. பரிசோதனை முடிவு, ஸ்கேன் படம், நாள்வாரியான ஆக்சிஜன் குறிப்பு, கொடுத்த மருந்துகளின் பட்டியல். எழுதிக் கேட்டார், கிடைத்தது. அக்கா இதை ஒரே மூச்சில் சொன்னார்: "நீங்க எழுதிக் கேட்டா குடுக்குறாங்க. நான் வாயால கேட்டா நாளைக்கு வான்றாங்க."

வேறுபாடு அத்தோடு முடியவில்லை. தோழருக்கு மூன்று மாதம் படி ஏற முடியவில்லை. முடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. வாதத்தின் நடுவே, நன்கு தெரிந்த சட்டப் பிரிவின் எண் நாவில் வராமல் நின்றிருக்கிறார். ஆயினும் நீதிமன்றங்கள் அப்போது காணொலியில் இயங்கின; நாற்காலியில் சாய்ந்துகொண்டே வாதாட முடிந்தது. குப்பை வண்டியைக் காணொலியில் தள்ள முடியாது. அக்கா ஏழு வாரங்கள் கழித்துப் பணிக்குத் திரும்பியபோது வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பிறகு வேறொரு மண்டலத்தில் புது ஆளாகச் சேர்ந்தார். இன்றும் நிரம்பிய வண்டியை மேட்டில் ஏற்ற முடியாமல், உடன் வேலை செய்யும் பெண்ணுக்குத் தம் கூலியில் ஒரு பங்கு கொடுத்து ஏற்றச் செய்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இந்நிலைக்கு ஒரு வரையறை தந்தது: தொற்றுக்குப் பின், வழக்கமாக மூன்று மாதங்களில் காணப்படுவதும், குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிப்பதும், வேறு நோயால் விளக்க இயலாததுமான சோர்வு, மூச்சுத்திணறல், அறிவாற்றல் குறைவு முதலியவை. அக்காவுக்கு இந்த வரையறை தெரியாது. "வண்டி கனமாயிடுச்சு" என்பார்.

அவர் எங்களிடம் கேட்டது எளிய கேள்வி. செத்தவர்களுக்குப் பணம் கொடுத்தார்களே, பிழைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லையா?

மத்திய அரசு 2020 மார்ச் 30 முதல் நடைமுறைப்படுத்திய 50 லட்ச ரூபாய்க் காப்பீடு சுகாதாரப் பணியாளர்களுக்கானது. அதுவும் உயிரிழப்புக்கு மட்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 12ஆம் பிரிவு சற்றே விரிவானது. உயிரிழப்புக்கான கருணைத் தொகையோடு, வாழ்வாதாரத்தை மீட்பதற்கான உதவியையும் அது பேசுகிறது. இப்பிரிவின் அடிப்படையில்தான் 'கௌரவ் குமார் பன்சல்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று தீர்ப்பளித்தது. அதன் விளைவாக இறந்தோர் குடும்பங்களுக்கு 50,000 ரூபாய் வகுக்கப்பட்டது. பிரிவின் வாழ்வாதாரம் பற்றிய பாதி அப்படியே கிடக்கிறது. வழக்கு மரணங்களைப் பற்றியது, ஆகவே தீர்ப்பும் மரணங்களைப் பற்றியது; அதில் பிழை காண்பதற்கில்லை. பிழைத்தவர்களுக்காக அப்படியொரு வழக்கைத் தொடுக்காதது எங்களைப் போன்றோரின் குறை.

ஆயினும் வேறொரு வாசல் இருக்கிறது. அக்கா நோயுற்ற நாளில் நடப்பில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923, விபத்துகளுக்கு மட்டுமானது என்று பலரும் கருதுகின்றனர். அச்சட்டத்தின் 3(2) பிரிவு, தொழில்சார் நோயை விபத்தாகவே கொள்கிறது. மூன்றாம் அட்டவணையின் 'அ' பகுதியில் முதலில் நிற்பதே தொற்று நோய்கள்தாம். சுகாதாரப் பணி, ஆய்வகப் பணி, கால்நடைப் பணி ஆகியவற்றோடு 'தொற்றுக்குக் குறிப்பிட்ட ஆபத்துள்ள பிற பணிகள்' என்றும் அங்கே உள்ளது. அப்பணியில் இருப்பவருக்கு அந்நோய் வந்தால், அது வேலையால் வந்தது எனத் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை; அன்று என முதலாளிதான் மெய்ப்பிக்க வேண்டும். கொரோனா எங்கிருந்து ஒட்டியது என்று யாரால் சொல்ல முடியும் என எதிர்த்தரப்பு கேட்கும். சுமை யார் தோளில் என்பதுதான் அதற்கு விடை.

தெருக்குப்பை அள்ளுவது 'குறிப்பிட்ட ஆபத்துள்ள பணியா' என்பதில் வாதம் எழும். எழட்டும். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் மருத்துவக் கழிவை மஞ்சள் பைகளில் தனியே பிரித்து ஒப்படைக்க வேண்டும் என 2020 மார்ச்சிலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆபத்து இல்லையென்றால் மஞ்சள் பை எதற்கு? அந்தப் பைகள் அக்காவின் தெருக்களில் ஒருநாளும் வந்ததில்லை. முகக்கவசமும் மீந்த சோறும் ஒரே பையில்தான் வந்தன.

பரிசோதனை 'நெகட்டிவ்' என்பதற்கும் பதில் உண்டு. 2021 செப்டம்பர் 3 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இறப்புச் சான்று தொடர்பாக வெளியிட்ட வழிகாட்டுதல், ஆர்டி-பிசிஆர் முடிவை மட்டும் கேட்கவில்லை. மருத்துவமனையில் வைத்து மருத்துவர் மருத்துவ ரீதியாகக் கண்டறிந்ததையும் கொரோனா என்றே ஏற்கிறது. இறந்தவருக்கு ஏற்கும் அளவுகோலை உயிரோடு இருப்பவருக்கு மறுக்க முடியாது என்பதே எங்கள் மனுவின் மையம்.

ஒப்பந்தக்காரரைக் கைகாட்டித் தப்பவும் வழியில்லை. 12ஆம் பிரிவின்படி முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பேற்க வேண்டும். பின்னர் அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தற்காலிக இயலாமைக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் 25 விழுக்காடு, அதாவது மாதத்துக்குப் பாதி ஊதியம். நிரந்தரமாக உழைப்புத்திறன் குறைந்திருந்தால், மருத்துவர் மதிப்பிடும் குறைவுக்கேற்ற மொத்தத் தொகை. சிகிச்சைச் செலவு தனி. ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்: ஊதியத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டு, தொழிலாளி காப்பீட்டில் இருந்தால் இந்த வழி அடைபடும், இ.எஸ்.ஐ. வழியாகவே உரிமை கோர வேண்டும். பிடித்தம் செய்துவிட்டு எண்ணைத் தராத ஒப்பந்தக்காரர்கள் உண்டு என்பதால், ஊதியச் சீட்டு முதல் சான்று.

இப்போது காலக்கெடு. நோய் வந்த இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டு ஆணையர் முன் கோரிக்கை வைக்க வேண்டும். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 10 அன்று ஆணையிட்டது. எனவே இரண்டாம் அலையில் நோயுற்றோருக்கு 2024 பிப்ரவரி இறுதிவரை காலம் இருந்தது என்பது எங்கள் வாசிப்பு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

காகிதத்தின் கெடு அதைவிடக் கடுமையானது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். முதல் அலையில் நோயுற்றவர்களின் கோப்புகளுக்கு அந்த மூன்று ஆண்டுகள் ஏற்கெனவே முடிந்துவிட்டன. இரண்டாம் அலைக்கு 2024 மேயில் முடிந்தன. வருகைப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் உள்ளாட்சி அமைப்பிடம் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அக்காவின் பெயர் எந்தத் தேதியில் மறைந்தது என்பதை அப்படித்தான் அறிந்தோம். அவர் மருத்துவமனையில் சேர்ந்த மறுநாள்.

ஸ்கேன் படமும் கிடைத்துவிட்டது. அக்காவே கையெழுத்திட்டு எழுத்தில் கேட்டார். நான்காம் நாள் தந்தார்கள். மனு செப்டம்பரில் பதிவாகியிருக்கிறது. உழைப்புத்திறன் இழப்பை மதிப்பிட ஸ்பைரோமெட்ரியும் ஆறு நிமிட நடைப் பரிசோதனையும் செய்யக் கோரியுள்ளோம்.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூய்மைப் பணியாளர்கள் காலை ஆறு மணிக்கு வருகை போடும் இடங்களுக்குச் செல்லுங்கள். மருத்துவ ஆவணம் கோரும் விண்ணப்பமும் தகவல் உரிமை விண்ணப்பமும் ஒவ்வொன்றும் ஒரு பக்கம்தான். 2021இல் யார் எத்தனை நாள் படுத்திருந்தார் என்று கேட்டு, அவர் பெயரிலேயே நிரப்பி, ஒப்புகைச் சீட்டை அவர் கையிலேயே கொடுங்கள். கடந்த வாரம் அக்கா மறுபடியும் வந்தார். உடன் மூன்று பெண்கள். இருவரிடம் டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. மூன்றாமவரிடம், வாசலில் தகரம் அடித்தபோது அலைபேசியில் எடுத்த ஒரு புகைப்படம் மட்டும். தேதி தெரிகிறது. அதையும் வாங்கி வைத்திருக்கிறோம்.